பச்சைக் களிம்பு

மழைக்காலத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான், ஐயா. பேட்டரியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். வயரும் வயரும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடு இருக்கும். அதற்குள் பின்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். அதைத்தான் நாங்கள் கப்ளர் என்போம். உள்ளே ஈரம் போனால் பின்னில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்காமல் விட்டால் பிடிக்குமே, அதே களிம்புதான். அது கரண்டை முழுதாகத் தடுக்காது. விடும், தடுக்கும், மறுபடி விடும். வண்டிக்காரர் பேட்டரியை மாற்றுவார், ஸ்டார்ட்டரை மாற்றுவார், கடைசியில் கோவிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். கோளாறு பின்னில் இருக்கும்.

உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் நல்ல செம்பு தெரிகிறவரை வயரை வெட்டிவிட்டு, அதன் நுனியில் புது டெர்மினலைக் கவ்வவைத்து, புதுக் கூடு மாட்டி, உள்ளே துளி கிரீஸ் வைக்க வேண்டும். கூட்டின் வாயில் ஒரு ரப்பர் வளையம் வரும். அதை மறந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

கூடலூரில் குமுளி ரோட்டில் என் கடை. போர்டில் ‘அம்மாவாசி ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்’ என்று இருக்கும். அம்மாவாசி என்பது என் பேர்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் பாதிக்கு மேல் என்னிடம்தான் வரும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. தொழில் தெரிந்தவன் செய்தது.

ராஜாத்தியைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவள் அதிகம் பேசமாட்டாள். தையல் தெரியும். எங்கள் மகள் சிம்ரன் கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போன பிறகு, வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று நைட்டி தைத்து விற்க ஆரம்பித்தாள். தோட்டத்தில் வேலை செய்கிற பெண்களுக்குக் கடைக்குப் போக நேரம் இருக்காது. அவர்கள் குடியிருக்கிற லயங்களுக்கே நேரில் கொண்டுபோனாள். முதலில் ஜீப்பில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். போகப்போக நைட்டியோடு பாவாடை, பிள்ளைகளுக்குச் சட்டை, குளிருக்குத் துண்டு என்று மூட்டை பெரிதானது. ஒருநாள் எனக்குச் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அடுத்து, தேனியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வைத்திருந்த கருநீலக் காரை வாங்கினாள். பழைய வண்டி. என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டித்தான் வாங்கினாள். இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.

முதல் தடவை அது நின்றதற்கு நான் காரணம் இல்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். குமுளி செக்போஸ்ட்டுக்குச் சற்று முன்னால் நின்றுபோய்விட்டது. போன் பண்ணினாள்.

“என்னங்க, வண்டி அப்புடியே அமந்துபோச்சு. சாவியத் திருப்புனா உறுமுது, எடுக்க மாட்டேங்குது. பின்னாடி பூரா ஹாரன் அடிக்கிறாங்க.”

“அங்கனயே நில்லு. வாரேன்” என்றேன்.

மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். பின்சீட்டுக்கு அடியில், பெட்ரோல் பம்புக்குப் போகிற கப்ளரில் களிம்பு. சுரண்டிச் செருகினேன். வண்டி எடுத்தது. சுற்றி நின்ற தோட்டத்துப் பெண்களிடம் அவள், “எங்க வீட்டுக்காரக கை வச்சாகன்னா செத்த வண்டியும் எந்திரிச்சிரும்” என்று சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு மலை இறங்கும்போது அவள் கார் முன்னால் போனது. நான் பின்னால் வந்தேன். வளைவுக்கு வளைவு கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்ததில்லை.

மறுநாளே வண்டியைக் கடையில் விட்டு எல்லாக் கப்ளரையும் மாற்றினேன். ஒன்றைக்கூட விடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வண்டிக்கு வேலை செய்ததில்லை. அதனால்தான் அதற்கப்புறம் அது நிற்கவே இல்லை.

வண்டி நிற்கவில்லை என்றால் போன் வராது. ராஜாத்தி அணைக்கரை போனாள், வண்டன்மேடு போனாள், அதற்கும் அப்பால் பேர் தெரியாத தோட்டங்களுக்கெல்லாம் போனாள். மலையாளம் சரளமாக வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் போனில் யாரோ ஒரு சேச்சியிடம் மலையாளத்தில் பேசிச் சிரிப்பாள். எனக்குப் பாதிதான் புரியும். எனக்கான சோறு ஹாட்பாக்ஸில் இருக்கும். ருசியில் குறை சொல்ல முடியாது. கடைக்கு வருகிறவர்கள், “ராஜாத்தியக்கா வீட்டுக்காரரு கடை இதானே?” என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். நானும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். “கொமுளில ஒரு ரூம் வாடகைக்கு வருதுங்க. கடை மாதிரிப் போட்டுக்கலாம். ஏலக்கா சீசன்ல மட்டும் அங்கனயே தங்கிக்கிட்டா அலைச்சல் இல்ல. ஞாயித்துக்கெழம வந்துருவேன்.”

“ம்” என்றேன்.

நான் சண்டை போடவில்லை. ஒருநாளும் அவளை நான் கைநீட்டி அடித்ததில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண்கள் உண்டு.

அந்த வாரத்தில் ஒருநாள் காலையில் வண்டியைத் துடைத்துத் தருகிறேன் என்று வாங்கி, பின்சீட்டைத் தூக்கி, பம்ப் கப்ளரின் ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அது ஒரு தப்பா என்று நீங்கள் கேட்டால், அந்த நேரத்தில் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. விரல் நுனியில் அடங்குகிற சின்ன வளையம். ஈரம் தானாக வந்து சேரட்டும் என்று விட்டேன். வரவில்லை. அது கோடைக்காலம். அதனால் அவள் கண்ணுக்கு மருந்து விட்ட காலிச் சொட்டுப்புட்டியில் கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக்கொண்டேன். துடைக்கிற சாக்கில் இரண்டு மூன்று சொட்டு விடுவேன். உப்புக்குக் களிம்பு சீக்கிரம் பிடிக்கும்.

வண்டி நிற்க ஆரம்பித்தது. எங்கே நிற்கும் என்று எனக்கே தெரியாது. ஏற்றத்தில் நிற்கும், சந்தை வாசலில் நிற்கும், தோட்டத்துக்குள் மண்பாதையில் நிற்கும். போன் வரும். கடையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போவேன். சுரண்டுவேன், செருகுவேன், எடுத்துவிடுவேன். சரியாக வேலை செய்தால் பிறகு போன் வராது என்பதால் சுரண்டுவதோடு நிறுத்திக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். குமுளி ரூம் பேச்சு நின்றது. இப்படிப்பட்ட வண்டியை நம்பி அங்கே கடை போட முடியாது என்று அவளாகவே முடிவு பண்ணினாள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. போன் வந்த உடனே கிளம்புவது முதலில் இருந்த வழக்கம். பிறகு கொஞ்சம் தாமதித்துப் போகலானேன். உடனே போய் நின்றால், “அதுக்குள்ள வந்துட்டீகளா” என்பாள். தாமதமாகப் போனால் ரோட்டோரத்தில் எழுந்து நின்று நான் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். என் வண்டி வளைவில் திரும்பும்போது அவள் முகம் தெளிகிறதை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகச் சில சமயம் வழியில் நின்று டீ குடிப்பேன்.

சிம்ரன் படித்து முடித்துக் கோயம்புத்தூரிலேயே வேலையில் இருக்கிறாள். தீபாவளி முடிந்த சமயம் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ராஜாத்தி தைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தது இரண்டு பேருக்கும் தெரியாது.

“அம்மா, அப்பா கையில குடுக்கக் குடுக்க வண்டி இன்னும் மோசமாத்தான் ஆகுது. தேனில வேற யார்ட்டயாவது காட்டுவோமா?”

“ஆத்தா, இத அவுக காதுல போட்டுறாத. மனசு விட்டுப்போயிருவாக.”

“அப்ப வித்துட்டு வேற வாங்குவோம்மா. நான் லோன் போட்டுத் தாரேன்.”

“ம். அதுவும் சரிதான். கட்டப்பனைல ஒரு வண்டி வருதாம். சனிக்கெழம அந்தப் பக்கம் போறப்பப் பாத்துட்டு வாரேன். வண்டிக்கு வயசாயிருச்சுனு சொல்லிக்கிருவோம். அவுகளச் சொல்ல வேணாம்.”

கொல்லையில் அப்படியே நின்றேன். வெட்கமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. என் தொழிலைக் குறை சொன்னதற்கு வந்த வெட்கம் இல்லை அது. அவள் எனக்காக யோசித்துப் பேசியது தாங்கவில்லை. மறுநாள் கடையில் புதுக் கப்ளரும் டெர்மினலும் எடுத்துத் தனியாக வைத்தேன். எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும், ரப்பர் வளையத்தையும் போட்டுவிட வேண்டும் என்றுதான் எடுத்துவைத்தேன். ஒரு அரைநாள் வேலை. அதைச் செய்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். வண்டி நன்றாக ஓடினாலும் அவள் போவாள். ஓடாவிட்டால் வேறு வண்டி வாங்கிக்கொண்டு போவாள். புது வண்டி நின்றால் கம்பெனிக்காரனுக்குத்தான் போன் போகும்.

சனிக்கிழமை காலையிலேயே தூறல். அவள் உள்ளே துணிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்சீட்டைத் தூக்கினேன். சொட்டுப்புட்டியில் இருந்த எல்லாவற்றையும் ஊற்றினேன். கட்டப்பனை போவதற்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அப்போதுதான் பக்கத்துக் கப்ளரைக் கவனித்தேன். பின்விளக்குகளுக்குப் போகிற கப்ளர் அது. இத்தனை நாள் நான் விட்ட உப்புத் தண்ணீர் ஒழுகி அதிலும் இறங்கியிருந்தது. கூட்டின் வெளியே வரை பச்சை. சாவியைப் போட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முன்னால் எரிந்தது. பின்னால் இரண்டு பக்கமும் எரியவில்லை. அவசரத்துக்கு மினுக்குகிற விளக்கும் பின்னால் எரியவில்லை.

சரிபண்ணலாம் என்றால் கையில் சாமான் இல்லை, கடைக்குப் போய்த்தான் எடுத்து வர வேண்டும். வேண்டாம், பின்விளக்கு இல்லாமல் போனால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். இதை நான் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஓர் இடத்தில் இடிக்கிறது. விளக்கு எரியவில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. தெரியாதவள் எப்படிச் சீக்கிரம் வருவாள்?

சீட்டைப் போட்டு அமுக்கினேன். அவள் மூட்டைகளைக் கொண்டுவந்து அதன்மேல் அடுக்கினாள். “மழ வருது, கடைய அடச்சுட்டு நேரத்தோட சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் நினைத்த இடத்தில் வண்டி நிற்கவில்லை. கட்டப்பனை வரைக்கும் போய், அந்த வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். பொழுது சாய்கிற நேரத்தில்தான் போன் வந்தது.

“என்னங்க, கொமுளி எறக்கத்துல, எரச்சல் பாலத்துக்கு மேல வளவுல நின்னுபோச்சு. மஞ்சு மூடிருச்சு, கைய நீட்டினாக் கை தெரியல. லைட்டப் போட்டுத்தான் வச்சிருக்கேன். முன்னாடி எரியுது.”

முன்னாடி எரிவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அந்த நிமிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் ஒரே வாக்கியம். பின்னாடி எரியல, எறங்கிச் சுவரோரமாப் போய் நில்லு. அதைச் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

“மழையில நனையாத. கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு உள்ளுக்குள்ளயே உக்காரு. வாரேன்” என்றேன்.

கிளம்பினேன். லோயர் கேம்ப் போனதும் மழை வலுத்தது. டீக்கடையில் ஒதுங்கினேன். ஒரு டீ குடித்தேன். வடை சூடாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதையும் தின்றேன். மழை விட்டது. மழை விட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை, ஐயா. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று இருந்தேன். கட்டப்பனை போய் வண்டி பார்த்துவிட்டு வருகிறவள்தானே என்று ஒரு கோபம் இருந்தது. போன் மறுபடி அடித்தது. எடுத்தால் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பாள். சட்டைப் பைக்குள்ளேயே அடித்து ஓய்ந்தது.

மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவன்தான் சொன்னான், லாரி ஒன்று நின்ற காரில் மோதிவிட்டது, ஒரு பொம்பளை மாட்டிக்கொண்டிருக்கிறது என்று.

நான் போனபோது லாரி டிரைவர் அருண்பாண்டி காரின் கதவை வெறும் கையால் பிய்த்துக்கொண்டிருந்தான். கை கிழிந்து ரத்தம். தேவதானப்பட்டிப் பையன், கேரளாவுக்குக் காய் இறக்கிவிட்டு வெறும் லாரியோடு திரும்பியிருக்கிறான். “லைட்டே தெரியலண்ணே, சத்தியமா லைட்டே தெரியலண்ணே” என்று யார் முகத்தைப் பார்த்தாலும் சொன்னான். என்னைப் பார்த்தும் சொன்னான். நான் அவள் புருஷன் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

அவளை வெளியே எடுத்து ஒரு ஜீப்பில் ஏற்றினார்கள். உயிர் இருந்தது. “நீங்களும் ஏறுங்கண்ணே” என்று கூப்பிட்டார்கள். “இந்தா வாரேன், போங்க” என்றேன். அருண்பாண்டிதான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனான். நான் உடைந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டு, நசுங்கிய சீட்டுக்கு அடியில் துழாவி, இரண்டு கப்ளரையும் வயரோடு பிடுங்கி எடுத்தேன். அவைதான் உங்கள் மேஜைமேல் இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவள் போய்விட்டாள்.

அன்று உங்கள் ஸ்டேஷனில் என்னிடம் எழுதி வாங்கினார்கள். காரில் விளக்கு எரிந்ததா என்று கேட்டார்கள். பின்பக்கம் முழுக்க நசுங்கிவிட்டதால் வண்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. “காலையில நானே போட்டுப் பாத்தேன். எல்லா லைட்டும் எரிஞ்சுச்சு. நான் எலக்ட்ரீசியன்” என்றேன். என் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. அருண்பாண்டி மேல் கேஸ் ஆனது. ஜாமீனில் வந்தான். ஆனால் லைசென்ஸ் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் அவன் பெண்டாட்டி பவானி என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

“அண்ணே, அவரு சோறு எறங்காமக் கெடக்காரு. பஸ்ஸுல ஏறக்கூடப் பயப்புடுறாரு. ஒரு உசுரக் கொன்னுட்டேன்னு சுவரப் பாத்துப் படுத்துக்கிட்டாரு. நீங்க ஒரு தடவ வந்து பேசினாத் தேறிருவாரு. ஒங்க கால்ல விழுந்து கேக்குறேன்.”

விழுந்தாள். தூக்கிவிட்டேன். மறுநாள் தேவதானப்பட்டிக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் அருண்பாண்டி எழுந்து உட்கார்ந்தான். கையில் தையல் போட்ட தழும்பு. “அண்ணே, அக்கா வழியில பேசினாகண்ணே” என்றான். “ஜீப்புல வச்சு, ஒன்மேல தப்பில்ல தம்பி, லைட்டு எரிஞ்சிருந்தா நீ நிப்பாட்டியிருப்பன்னு சொன்னாக. நான் போலீஸ்லயும் சொன்னேன். தப்பிக்கச் சொல்றேன்னு நெனச்சிட்டாங்க. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. லைட்டு எரிஞ்சுச்சா?”

பவானி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எரிஞ்சுச்சு தம்பி” என்றேன். “அடிபட்ட மயக்கத்துல ஏதோ சொல்லியிருப்பா. நீ மனசுல வச்சுக்காத. நான் ஒன்ன மன்னிச்சிட்டேன்.”

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பவானி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். பஸ் ஏறித் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து இந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு பின்கூடச் செருக முடிவதில்லை. கடையைத் திறந்து சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சிம்ரன் தினமும் போன் பண்ணி, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னால் முடியாது.

இன்று காலை கடைக்குப் பஞ்சம்மாள் வந்தாள். எங்கள் ஊர்க்காரிதான், ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள், ராஜாத்தியிடம் துணி வாங்குவாள். துக்கம் கேட்க இத்தனை நாள் வராததற்குக் காரணம் சொன்னாள்.

“எனக்கு ஒங்க மூஞ்சில முழிக்கவே பயமா இருந்துச்சுண்ணே. அன்னிக்கு எங்க ஜீப்ப நிப்பாட்டி அக்காவக் கூப்புட்டோம். மஞ்சுக்குள்ள உக்காந்திருக்கீகளே, ஏறுங்க, போயிருவோம்னு கதவத் தட்டிக் கூப்புட்டேன். எடமும் இருந்துச்சு. அக்கா எறங்கக்கூடச் செஞ்சாக. அப்புறம் ஒங்களுக்குப் போன் போட்டாக. நீங்க எடுக்கல. வண்டி ஓட்டிக்கிட்டு வாராகபோல, இந்நேரம் பாதி வழி வந்துருப்பாகன்னு சொல்லிட்டுத் திரும்ப உள்ள ஏறிக்கிட்டாக.”

“வேற என்ன சொன்னா?” என்று கேட்டேன்.

பஞ்சம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“சிரிச்சாகண்ணே. நான் ஜீப்புல போயிட்டேன்னு தெரிஞ்சா அவுக மூஞ்சி வாடிப்போகும்டி. இம்புட்டுத் தூரம் நனஞ்சுக்கிட்டு வருவாக. வந்து சரிபண்ணட்டும். அதுல அவுகளுக்கு ஒரு சந்தோஷம். நம்ம கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா என்ன கொறஞ்சா போயிருவோம்னு சொன்னாக.”

அவள் போன பிறகு கடையை அடைத்தேன். வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்தேன். நீங்கள் கேட்டீர்கள், இத்தனை நாள் கழித்து ஏன் வந்தாய் என்று. இதுதான் காரணம். அருண்பாண்டி மேல் தப்பில்லை. விளக்கு எரியவில்லை. எரியாது என்று எனக்குத் தெரியும். அவளை உள்ளே உட்காரச் சொன்னவன் நான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனும் நான். ராஜாத்தியைக் கொன்றது நான்தான். அதை இந்த வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பஞ்சம்மாள் சொன்னதை மட்டும் எழுத வேண்டாம். நல்லவள்தான், ஆனால் விவரம் போதாது. ராஜாத்தி விளையாட்டுக்குச் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். எனக்காகப் பாவப்பட்டு அவள் அந்த மஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் என்ன? அவளுக்கு வேறு வழியில்லை, அதனால் இருந்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன் சொல்கிறேன். நான் போகாமல் அவளால் அந்த மலையை விட்டு இறங்க முடியாது, ஐயா. இறங்கவில்லைதானே.